ஈரலுக்கு வைக்கிற வேலை

தீவன ஆலைக்கு வரும் பன்றிப் பண்ணைக்காரர் முதலில் கேட்பது விலை. அடுத்து, "புரோட்டீன் எத்தனைங்க?" தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. குட்டிக்கு 20 சதம், வளரும் பன்றிக்கு 18, விற்பனைக்குத் தயாராகும் பருவத்தில் 16. மூன்று எண்ணும் எல்லோருக்கும் மனப்பாடம். 18 என்றால் நல்ல தீவனம், 16 என்றால் சுமார், 14 என்றால் ஏமாற்று. 15 சதத் தீவனம் தின்ற பன்றியும் 18 சதத் தீவனம் தின்ற பன்றிக்குச் சமமாக எடை போடும், கொட்டகை நாற்றமும் குறையும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்றைக்கும் சிரிப்பவர்கள் உண்டு.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் யாரும் புரதத்தை அளப்பதில்லை. தீவனத்தை அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கோபன்ஹேகனில் கெல்டால் 1883-ல் வெளியிட்ட முறை. நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் அந்தக் கணக்கில் அது புரதம்தான். யூரியாவில் நைட்ரஜன் 46 சதம். 6.25-ஆல் பெருக்கினால் 287 சதம் புரதம்! ஒரு டன் கருவாட்டுத் தூளில் 20 கிலோ யூரியாவைக் கலந்தால் அறிக்கையில் கிட்டத்தட்ட 5 சதம் ஏறிவிடும். மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் யூரியாவை ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். பன்றிக்கு அதனால் காலணாப் பயன் கிடையாது.

இதைப் பிடிக்க எங்களிடம் ஒரு பழைய வழி இருந்தது. வறுக்காத சோயாவைப் பொடித்து, சந்தேகப்பட்ட கருவாட்டுத் தூளோடு ஒரு பாட்டிலில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடி வைப்போம். பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது, அது யூரியாவை உடைக்கும். அரை மணி கழித்து மூடியைத் திறந்தால் அம்மோனியா மூக்கில் ஏறும். கெட்டுப்போன கருவாடும் கொஞ்சம் நாறும் என்பதால் சோயா சேர்க்காத பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் முகர்ந்து பார்த்த பிறகும் சரக்குக்காரர், "லேப் ரிப்போர்ட்ல 52 இருக்கே சார்" என்பார். இருக்கும்தான்.

பன்றிக்கு வேண்டியது அமினோ அமிலங்கள், அதுவும் குறிப்பிட்ட விகிதத்தில். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது லைசின். அதைச் சரிசெய்தால் அடுத்து திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோஃபேன், பிறகு வாலின், ஐசோலியூசின். இந்த விகிதத்தை லைசினை 100 என்று வைத்து எழுதும் பழக்கத்தைப் பரவலாக்கியது 1981-ல் பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட பன்றித் தீவன நூல். இன்று நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு, வளரும் பன்றிக்குத் தோராயமாக இப்படி: லைசின் 100 என்றால் திரியோனின் 65, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 60, டிரிப்டோஃபேன் 18, வாலின் 68. மூன்று காலை வைத்துக்கொண்டு நாற்காலி செய்ய முடியாது, பலகை எவ்வளவு குவிந்து கிடந்தாலும். லைசின் குறைந்த தீவனத்தில் மற்ற அமினோ அமிலங்கள் அப்படித்தான் மீந்து கிடக்கும்.

மீந்ததைப் பன்றியால் சேர்த்து வைக்க முடியாது. குடலிலிருந்து போர்ட்டல் நாளம் வழியாக எல்லா அமினோ அமிலங்களும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகின்றன. கல்லீரல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தசைக்கு வேண்டியதை அனுப்புகிறது. மீதியில் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்குத் தள்ளுகிறது. கிரெப்ஸும் ஹென்ஸலைட்டும் 1932-ல் கண்டுபிடித்த சுழற்சி இது. ஒரு மூலக்கூறு யூரியா செய்ய நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அந்த ஆற்றலும் நாம் காசு கொடுத்து வாங்கிய மக்காச்சோளத்திலிருந்துதான் வருகிறது. சிறுநீரில் வந்த யூரியா தரையில் சாணத்தோடு கலந்ததும் அதிலுள்ள நுண்ணுயிரிகள் உடைக்க, அம்மோனியா கிளம்புகிறது. விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் கண் எரிகிறதென்றால், ராத்திரி முழுக்க ஈரல் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை நான் படித்தது கல்லூரியில். புரிந்துகொண்டது அறுவைக் கூடத்தில். தீவனம் எழுதுகிறவன் அறுவை நாளில் போய் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. ஈரலில் பால் தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் உருண்டைப் புழுவின் குஞ்சுகள் போன பாதை. குடற்புழு மருந்து சரியாகக் கொடுக்கவில்லை. வெளிறி மஞ்சளாக, தொட்டால் நொறுங்குவதுபோல் இருந்தால் நான் முதலில் கேட்பது, "கடலைப் புண்ணாக்கு எங்க வாங்கினீங்க?" மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வளர்ந்து அஃப்லடாக்ஸின் வரும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் சோயா பரவியதற்கு அதன் லைசின் ஒரு காரணம் என்றால், கடலைப் புண்ணாக்கின் மேல் வந்த இந்தப் பயம் இன்னொரு காரணம்.

நோயில்லாத ஈரலிலும் பார்க்க விஷயம் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பன்றிகளில், அதிகப் புரதம் தின்றதன் ஈரலும் சிறுநீரகமும் கனமாக இருக்கும். வேலை கூடினால் உறுப்பு பெருக்கும். அந்த உறுப்பைக் காப்பாற்றவும் தீவனம் செலவாகும். ஈரலை எடை போட்டு விற்பவருக்கு அது லாபமாகத் தெரியலாம். தீவனம் வாங்கிப் போட்டவருக்கு நட்டம்.

லைசின் உப்பு கைக்கு வந்ததும் பிழைப்பு மாறியது. கொரினிபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரி அமினோ அமிலத்தை வெளியே சுரக்கிறது என்று ஜப்பானில் கியோவா ஹக்கோ நிறுவனத்தார் ஐம்பதுகளில் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்கிய தொழில் அது. அமெரிக்காவின் ஏ.டி.எம். நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரிய ஆலையோடு இறங்கியதும் விலை விழுந்தது. பிறகு உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றினார்கள். 1996-ல் ஏ.டி.எம். 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. அமெரிக்காவில் புழங்கிய சூத்திரம் ஒன்று அப்போது நம் ஆலைகளுக்கும் வந்தது. ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயாவை எடுத்துவிட்டு, 48.5 கிலோ மக்காச்சோளமும் 1.5 கிலோ லைசினும் சேர்க்கலாம். புரதம் 2 சதம் இறங்கும், பன்றி கண்டுகொள்ளாது. அதற்குமேல் இறங்கினால் திரியோனின் வேண்டும், டிரிப்டோஃபேன் வேண்டும் என்பதை மட்டும் சூத்திரத்தோடு யாரும் சொல்லி அனுப்பவில்லை. லைசின் மூட்டையைப் பார்த்ததும் சோயாவை மொத்தமாக வெட்டியவர்கள் உண்டு.

புரதம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க எந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கும் போக வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கம் பெங்களூரு ஓட்டல் மிச்சத்தை டிரம்மில் கொண்டுவந்து போடும் பண்ணைகளைப் பார்த்தால் போதும். சோறு, சாம்பார், எண்ணெய். மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை. புரதம் சொற்பம், அதிலும் லைசின் இன்னும் சொற்பம். ஒரு பண்ணையில் பன்றி பத்து மாதமாகியும் விற்கும் எடைக்கு வரவில்லை. முதுகுக் கொழுப்போ இரண்டு விரல் கனம். "நல்லாத் தின்னுது சார், உடம்பு மட்டும் ஏறல" என்றார் முதலாளி. உடம்பு ஏறித்தான் இருந்தது, கொழுப்பாக. தசை கட்ட லைசின் இல்லை என்றால் தின்ற ஆற்றல் எங்கே போகும்? கோழி மருத்துவத்திலிருந்து வந்தவர்கள் உடனே ஈரலில் கொழுப்பைத் தேடுவார்கள். முட்டைக் கோழி கொழுப்பைச் செய்வது ஈரலில், அதனால் ஈரல் வீங்கிச் சாகும். பன்றி பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே செய்துகொள்ளும், ஆகவே கணக்கு முதுகில் தெரியும்.

அங்கே நான் சொன்னது, மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்து, பன்றி ஒன்றுக்குத் தினம் அரைக் கிலோ சோயாக் கலவை கூடச் சேர்க்க வேண்டும் என்பது. லைசினை மட்டும் தூவினால் போதாதா என்றார். அதில் ஒரு சிக்கல் உண்டு. உப்பாக வரும் லைசின் குடலில் உடனே உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய்விடும். சோயாவிலும் சோற்றிலும் உள்ள மற்ற அமினோ அமிலங்கள் செரித்து வருவதற்குள் அது ஈரலில் எரிந்துபோகும். ஆஸ்திரேலியாவில் பேட்டர்ஹாம் எழுபதுகளிலேயே காட்டியது இது. நாளுக்கு ஒருவேளை தீனி போட்டால் இந்த லைசினின் பயன் வெகுவாகக் குறைகிறது, அடிக்கடி போட்டால் முழுதாகக் கிடைக்கிறது. நாளுக்கு ஒரே வேளை டிரம்மைக் கொட்டிவிட்டுப் போகும் பண்ணையில் லைசின் மூட்டைக்குக் கொடுத்த காசில் பாதி வீண். அவர் இரண்டு வேளையாக்கினார், கலவையும் போட்டார். அடுத்த தொகுதியில் கொழுப்பு குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. (2022-ல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு, ஓட்டல் மிச்சம் போடும் பண்ணைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கொதிக்க வைக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.)

சோயாவைக் குறைக்க எல்லோரையும் தள்ளியது 2021. ஆடி மாத வாக்கில் சோயாப் புண்ணாக்கு கிலோ 100 ரூபாயை நெருங்கியது. முந்தைய ஆண்டு அதில் பாதிகூட இல்லை. மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள ஆகஸ்டில் ஒன்றிய அரசு அனுமதி கொடுத்த அளவுக்கு நிலைமை போனது. சீனா இதற்கு முன்பே அந்தப் பாதையில் இறங்கியிருந்தது. அமெரிக்காவோடு வர்த்தகச் சண்டை வந்த 2018-லேயே அங்கே தீவனத் தொழில் சங்கம் பன்றித் தீவனத்தின் புரதத்தைக் குறைத்துப் புதிய தரநிலை வெளியிட்டது. சாங்ஷாவில் யின் யூலோங் குழுவினர் புரதத்தைக் குறைத்து, லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றின் விகிதத்தையும் மாற்றிக் கொடுத்து, தசையிலும் கொழுப்பிலும் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சோயா விலை ஏறிய அந்த மாதங்களில் நான் எழுதிக் கொடுத்த வளர்பன்றித் தீவனம் இப்படி இருந்தது. டன்னுக்கு 250 கிலோவாக இருந்த சோயா 150 கிலோவாக இறங்கியது. அந்த இடத்துக்கு மக்காச்சோளம் வந்தது. லைசின் 4 கிலோவை ஒட்டி, திரியோனின் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், மெத்தியோனின் ஒரு கிலோவுக்குக் கீழ், டிரிப்டோஃபேன் கால் கிலோ. புரதம் 18-லிருந்து 15-க்கு வந்தது. வளர்ச்சி குறையவில்லை. சின்னப் பண்ணைகளில் வந்த சிக்கல் வேறு. கால் கிலோவை ஒரு டன்னில் மண்வெட்டியால் எப்படிக் கலப்பது? முதலில் ஐந்து கிலோ மக்காச்சோள மாவில் எல்லா அமினோ அமிலத்தையும் கலந்து, அதை ஐம்பது கிலோவில், அதை முழு டன்னில் என்று படிப்படியாகக் கலக்கச் சொன்னேன். சோம்பல்பட்டு மேலே தூவியவர்களின் பண்ணையில் ஒரே அறையில் பெரிய பன்றியும் சின்னப் பன்றியுமாக நின்றன.

இன்னொரு கூட்டம் வேறு வழியில் போனது. புரத எண் குறையக் கூடாது, சோயாவும் வேண்டாம். ஆகவே மக்காச்சோளக் குளூட்டனையும் சாராய ஆலையிலிருந்து வரும் காய்ந்த அரிசிக் கழிவான டி.டி.ஜி.எஸ்ஸையும் ஏற்றினார்கள். குளூட்டனில் 60 சதம் புரதம், விலையும் தோது. லேப் ரிப்போர்ட் பிரமாதம். பன்றிகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டன. நோய் என்று நினைத்து மருந்தும் போட்டிருக்கிறார்கள்.

நடந்தது என்னவென்றால், குளூட்டனில் லியூசின் 10 சதம், லைசின் ஒரு சதத்தை ஒட்டித்தான். லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் ஒரே குடும்பம். மற்ற அமினோ அமிலங்களை ஈரலே உடைக்கத் தொடங்கிவிடும். இந்த மூன்றுக்கும் முதல் வெட்டு தசையில் விழுகிறது, அடுத்த வெட்டுக்குரிய நொதிதான் ஈரலில் நிறைய. லியூசின் அளவுக்கு மீறி வந்தால் அந்த நொதி முடுக்கிவிடப்பட்டு, லியூசினோடு சேர்த்து வாலினையும் ஐசோலியூசினையும் உடைத்துத் தள்ளும். தீவனத்தில் போதுமான அளவு எழுதியிருந்தாலும் உடம்பில் பற்றாக்குறை. டிரிப்டோஃபேன் மூளைக்குள் போக லியூசினோடு போட்டிபோட வேண்டும், அது தோற்றால் பசியும் குறையும். கோழித் தீவனத்துக்காக வந்திருந்த வாலினைக் கொஞ்சம் வாங்கிப் போட்டும், குளூட்டனைப் பாதியாக்கியும் நிலைமையைச் சரிசெய்தோம். புரத எண் இறங்கியது. பன்றி தின்னத் தொடங்கியது.

எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பார்கள். புரதத்தில் லைசினின் பங்கு 7 சதத்தைத் தாண்டினால் நான் நிறுத்திக்கொள்வேன். புரதம் அதற்கும் கீழே போனால் அத்தியாவசியமல்லாத அமினோ அமிலங்களைச் செய்யவே நைட்ரஜன் போதாமல் போகும். கிளைசின் குறையும். குடலின் சளிப் படலத்துக்கு வேண்டிய திரியோனினைக் குடலே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு பொறியும் உண்டு. வளர்சிதை ஆற்றல் கணக்கில் தீவனம் எழுதினால், புரதத்தின் ஆற்றலை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுகிறோம். யூரியா செய்யும் செலவு அந்தக் கணக்கில் வராது. பிரான்சில் நோப்லே பல ஆண்டுகள் அளந்து உருவாக்கிய நிகர ஆற்றல் கணக்கில்தான் அது தெரியும். புரதத்தைக் குறைத்துவிட்டு ஆற்றலைப் பழைய கணக்கிலேயே விட்டால், ஈரல் மிச்சப்படுத்திய ஆற்றல் முதுகில் கொழுப்பாக ஏறும். பன்றி வாங்க வரும் கேரளத்து வியாபாரி முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

சரியாகச் செய்தால் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். தினம் 2.5 கிலோ தின்று 700 கிராம் ஏறும் பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 சதத் தீவனத்தில் அது தின்னும் நைட்ரஜன் 64 கிராம். உடம்பில் தங்குவது 18 கிராமை ஒட்டி. மீதி 46 கிராம் சாணத்திலும் சிறுநீரிலும் போகிறது. 13 சதத்தில் தின்பது 52, போவது 34. கால்வாசிக்கு மேல் மிச்சம். தண்ணீர் குடிப்பதும் சிறுநீரும் குறையும், தரை காயும். பக்கத்துத் தோட்டக்காரர் மனு எழுதுவதும் குறையும். கத்திரி வெயிலில் இதன் அருமை இன்னும் தெரியும். பன்றிக்கு வேர்க்காது. புரதத்தை உடைக்கும்போது வரும் சூடு உடம்பிலிருந்து வெளியேற வழியில்லாமல், அது தீனியைத்தான் குறைக்கும். கோடையில் புரதம் குறைத்த தீவனத்தைப் பன்றி கூடுதலாகத் தின்கிறது.

கணக்கு சரியா என்று பார்க்க மனிதர்களுக்குப் பார்க்கும் இரத்த யூரியாப் பரிசோதனையே போதும். இரண்டு அறைப் பன்றிகளிடம் ஒரே நேரத்தில், தீனி போட்டு ஒரே இடைவெளியில் இரத்தம் எடுக்க வேண்டும். வளர்ச்சி சமமாக இருந்து யூரியா குறைவாக இருக்கும் அறையின் தீவனம்தான் நல்லது. ஊரில் எந்த இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் செய்து கொடுப்பார்கள், பன்றி என்று சொன்னதும் ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சோயாவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முதலில் கையில் இருக்கும் சோயாவைச் சோதியுங்கள். சூடு குறைந்தால் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் மிஞ்சும். சூடு கூடினால் சர்க்கரையோடு பிணைந்து லைசின் கெடும், புரத எண் மட்டும் அப்படியே இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் புரதக் கரைதிறன் 73 சதத்துக்குக் கீழே போன சோயாவை வைத்து யார் எழுதிய கணக்கும் பலிக்காது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி எடுத்துக்கொண்டு போங்கள். புரதம் மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். கரைதிறனும் லைசினும் சேர்த்துக் கேளுங்கள்.